லெ மானில் ஓட்டாதவர்

எங்கள் ஸ்டோக்பரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: வில்ஃப் டிரான்டர் லெ மான் பந்தயத்தில் கார் ஓட்டாதவர்.

ஓட்டாதவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். நான் ஓட்டவில்லை, எங்கள் பாதிரியார் ஓட்டவில்லை, மீன் வறுவல் கடைக்காரர் ஓட்டவில்லை. அதற்காக எங்களை யாரும் தெருவில் நிறுத்திக் கைகுலுக்குவதில்லை. வில்ஃப் ஓட்டாதது வேறு தினுசு. அவர் பிரான்சுக்கே போய், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பந்தயம் நடந்த இருபத்துநாலு மணி நேரமும் காருக்காகக் காத்து உட்கார்ந்து, ஓட்டாமல் திரும்பி வந்தவர்.

அது ஐம்பத்தெட்டாம் வருஷம். ஆர்லிங் கார்த் தொழிற்சாலை அப்போது ஊர் நடுவில், தேவாலயத்துக்கும் கசாப்புக் கடைக்கும் இடையில் இருந்தது. ஆர்லிங் என்றால் பச்சை நிறம், திறந்த மேல்பக்கம், நீண்ட மூக்கு. பார்க்க அழகு, ஓட்ட ஆபத்து, நிறுத்தினால் எண்ணெய் ஒழுகும். ஒழுகாத ஆர்லிங்கில் எண்ணெயே இல்லை என்று ஊரில் ஒரு பழமொழி உண்டு. வில்ஃப் அங்கே செய்து முடித்த கார்களைக் கடைகளுக்கு ஓட்டிப்போய் ஒப்படைக்கும் வேலையில் இருந்தார். கம்பெனி அந்த வருஷம் ஒரே ஒரு காரை லெ மானுக்கு அனுப்பியது. ஓட்டுவதற்கு இரண்டு பெரிய மனிதர்கள்: கேப்டன் ஃபேன்ஷா, அவருடைய நண்பரான ஒரு பெல்ஜியத்துப் பிரபு. இருவரில் ஒருவருக்கு வயிறு கெட்டால் என்ன செய்வது? அதற்கு மூன்றாவது ஆள் வேண்டும். அந்த வயிற்றுப்போக்கை நம்பித்தான் வில்ஃபைக் கூட்டிப்போனார்கள்.

அது வரவில்லை. பிரெஞ்சுக்காரர்களின் சிப்பியை வாளி வாளியாகத் தின்றும் இருவர் வயிறும் கல் மாதிரி இருந்தது. கார் உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் கேப்டன் இறங்குவார், வில்ஃபின் தோளில் தட்டுவார், "அடுத்த தடவை நீதான், டிரான்டர்" என்பார். பிரபு ஏறிப் போய்விடுவார். பிரபு இறங்குவார், அவரும் தோளில் தட்டுவார். அவர் சொன்னது அவர் பாஷையில். கேப்டன் ஏறிப் போய்விடுவார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அது வில்ஃபுக்கு விடிய விடிய நடந்தது. கவிழ்த்துப் போட்ட ஒரு மரப்பெட்டியின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். அதே பெட்டியின் மறுமுனையில், கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு, தொழிற்சாலை ஆபீஸில் வேலை பார்த்த ஒரு பெண். ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் குறிப்பது அவள் வேலை. ஒரு சுற்றைக்கூட அவள் தவறவிடவில்லை. அவள் பெயர் பெரில்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்குக் காரின் கியர்பெட்டி உடைந்தது. முதல் கியர் மட்டும் மிச்சம். நாலு மணிக்குக் கொடி விழுந்த பிறகு தன் சொந்த பலத்தில் கோட்டைத் தாண்டும் கார்தான் பந்தயத்தை முடித்ததாகக் கணக்கு. கேப்டன் என்ன செய்தார் என்றால், காரை ஓரம் கட்டி, இறங்காமல், இரண்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். நாலு அடித்ததும் முதல் கியரில் ஒரு சுற்று ஊர்ந்து வந்து கோட்டைத் தாண்டினார். கடைசி இடம். ஆனாலும் இடம்.

பிறகு தொழிற்சாலை மூடப்பட்டது. அந்த இடம் இன்று ஒரு பேரங்காடியின் வண்டி நிறுத்துமிடம். வில்ஃப் பால் வண்டி ஓட்டப் போனார். பேட்டரியில் ஓடும், புட்டிகள் கிணுகிணுக்கும், சைக்கிள்காரன் முந்திப் போகும் அந்த வண்டியை ஓய்வு பெறும்வரை ஓட்டினார். முன்பக்கத்தில் அறுபத்தொன்று என்று வெள்ளையில் எழுதி வைத்திருந்தார். லெ மானில் அந்தக் காரின் எண் அதுதான். காலையில் பால் எடுக்க வரும் பெண்கள், "இன்னிக்கு எத்தனாவது இடம், வில்ஃப்?" என்று கேட்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். புட்டியை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவிடாமல் செய்தது ஆர்லிங் நினைவுச் சங்கம்.

கேப்டனின் மகன் டெஸ்மண்ட் ஃபேன்ஷா ஒரு பல் மருத்துவர். அப்பா ஓட்டிய அந்தக் காரை அவர் ஏதோ ஒரு பண்ணையில் கோழிகள் அடைந்து கிடந்த நிலையில் கண்டுபிடித்து வாங்கினார். வாங்கி, சங்கம் ஆரம்பித்தார். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஊருக்கு வெளியே இருக்கும் பழைய விமானப்படை ஓடுதளத்தில் கூடி, அந்தப் பந்தயத்தை அப்படியே மறுபடி நடத்திக் காட்டுவது சங்கத்தின் வேலை. முழுப் பந்தயத்தையும் அல்ல. கார் நின்றிருந்த அந்த இரண்டு மணி நேரத்தை மட்டும்.

நம்ப மாட்டீர்கள், ஆனால் இதுதான் நடக்கும். நாற்பது ஐம்பது பெரியவர்கள் மடக்கு நாற்காலி போட்டு, குடை பிடித்து, வெள்ளரிக்காய் சாண்ட்விச்சும் பிளாஸ்கில் தேநீருமாக, நிற்கும் ஒரு காரை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். டெஸ்மண்ட் அப்பாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். நாலு மணிக்கு ஒரு சுற்று ஊர்ந்து வருவார். கைதட்டல். வீட்டுக்குப் போவோம்.

எல்லாம் அன்றிருந்தது போலவே இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் வேதம். ஊரில் மற்றவர்கள் காசு கொடுத்து வண்டியை ரிப்பேர் செய்வார்கள். டெஸ்மண்ட் நல்ல கியர்பெட்டியைக் காசு கொடுத்துக் கெடுத்து, முதல் கியர் மட்டும் விழும்படி செய்து வைத்தார். கேப்டன் காத்திருந்தபோது, மாவுக்கூட்டுக்குள் பன்றி இறைச்சி அடைத்துச் சுடும் ‘பை’ என்ற பண்டத்தில் பாதியைத் தின்றார் என்று ஒரு பழைய போட்டோ காட்டுகிறது. ஆகவே டெஸ்மண்டும் தின்பார். அந்தப் பையின் நடுவில் முட்டை இருந்ததா இல்லையா என்பது போட்டோவில் தெரியவில்லை. இதை வைத்துச் சங்கம் இரண்டாக உடைந்தது. முட்டைக் கட்சிக்காரர்கள் வெளியேறிப் பக்கத்து ஊரில் தனிச் சங்கம் வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் பை இருக்கிறது, கார் இல்லை.

பெல்ஜியத்துப் பிரபு எப்போதோ செத்துப்போனார். அவருக்குப் பதில் ஒரு தையல்கடைப் பொம்மைக்குத் தோல் தொப்பி மாட்டி நிறுத்துவார்கள். பிரெஞ்சு அதிகாரி வேஷம் எனக்கு. நான் குழாய் வேலை செய்பவன். டெஸ்மண்ட் வீட்டு வெந்நீர்க் குழாயைச் சரிசெய்யப் போன இடத்தில், பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் பிரெஞ்சு படித்தேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தொப்பி, கைப்பட்டை, விசில், கொடி.

வில்ஃபுக்கு என்ன வேஷம்? வில்ஃப் வேஷம்தான். அங்கே இருப்பவர்களில் உண்மையாகவே லெ மானுக்குப் போனவர்கள் அவரும் பெரிலும் மட்டும்தான். அதே மாதிரி மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அவரை ஹெல்மெட்டோடு உட்கார வைப்பார்கள். பெரில் பக்கத்தில் கடிகாரத்தோடு. டெஸ்மண்ட் காருக்குள்ளிருந்து கத்துவார்.

"வில்ஃப், இன்னும் கொஞ்சம் ஆசையா பாருங்க! போன வருஷம் நல்லா பாத்தீங்க!"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐம்பது வருஷமாக ஆசைப்படுகிற மனிதனிடம் போய் ஆசையை நடிக்கச் சொல்கிறவனை என்ன செய்யலாம்? வில்ஃப் ஒவ்வொரு வருஷமும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். எல்லாம் முடிந்த பிறகு, காரை லாரியில் ஏற்றும் முன்னால், ஒரே ஒரு தடவை நான் ஓட்டிப் பார்க்கட்டுமா? டெஸ்மண்டும் ஒவ்வொரு வருஷமும் ஒரே பதில்தான் சொல்வார். அன்றைக்கு நீங்கள் ஓட்டவில்லையே.

அந்தப் பந்தயத்தின் ஐம்பதாவது வருஷம் வந்தது. ரெட் லயன் பப்பின் பின்னறையில் சங்கம் கூடியது. டெஸ்மண்ட் எழுந்து நின்று, காரை விற்றுவிட்டதாகச் சொன்னார். வாங்கியவர் ஸ்விட்சர்லாந்துக்காரர். கண்ணாடி அறையில் வைத்துப் பூட்டப்போகிறாராம். ஞாயிற்றுக்கிழமை நம் நிகழ்ச்சி, திங்கட்கிழமை லாரி வரும். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வில்ஃப் பீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்போ இதுதான் கடைசி. டாக்டர், இந்தத் தடவை நான் ஓட்டுறேன். நிகழ்ச்சியில வேணாம். எல்லாரும் போனப்புறம் ஓட்டுறேன். யாரும் பாக்க வேணாம்."

"வில்ஃப், நீங்க அங்க ஓட்டாத ஆள். அதுதான் உங்க பெருமையே. இப்போ ஓட்டிட்டா?"

"ஓட்டிட்டா என்ன?"

"ஓட்டாத ஆளுன்னு உங்களை எப்படிச் சொல்றது? வரலாறு அனுமதிக்காதுங்க."

"உங்கப்பா அனுமதிச்சாரு. ராத்திரி பூரா அனுமதிச்சுக்கிட்டேதான் இருந்தாரு."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான். கை தூக்கச் சொன்னார்கள். வில்ஃப் ஓட்டலாமா? ஒருவரும் தூக்கவில்லை. எல்லாருக்கும் வில்ஃபைப் பிடிக்கும். வரலாற்றை அதைவிடப் பிடிக்கும். நான் தூக்கப் போனேன். பிரெஞ்சு அதிகாரி நடுநிலையாக இருக்க வேண்டும், அவருக்கு வாக்கு இல்லை என்று செயலாளர் என் கையைப் பிடித்து இறக்கினார். ஆறுதலாக, வில்ஃப் பெட்டியைக் காருக்கு ஒரு முழம் கிட்டே போட்டுக்கொள்ளலாம் என்று தீர்மானம் போட்டார்கள்.

அந்த வாரம் வில்ஃப் வீட்டுச் சமையலறையில் தொட்டி அடைத்துக்கொண்டது. நான் கீழே படுத்துக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வில்ஃப் மேஜையில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பெரில் அவரைக்காட்டிலும் குள்ளம், வாய் மட்டும் நீளம். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"என் ஆயுசுலேயே மோசமான நாள்னா அந்த ஞாயித்துக்கிழமைதான், டெரிக்" என்றார் வில்ஃப் என்னிடம்.

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணே" என்றேன் தொட்டிக்கு அடியிலிருந்து.

"வேற எப்படிச் சொல்றது? ராத்திரியும் பகலும் ஒரு பெட்டி மேல உக்காந்திருந்தேன். அவ்வளவுதான் நடந்துச்சு எனக்கு."

கிழங்கு சீவும் சத்தம் நின்றது.

"அவ்வளவுதான் நடந்துச்சா?" என்றாள் பெரில்.

"பின்ன?"

"அந்தப் பெட்டியோட இன்னொரு மூலையில யார் உக்காந்திருந்தா?"

வில்ஃப் மேஜை விரிப்பை இழுத்து நேராக்கினார்.

"ஐம்பது வருஷமா கேக்கிறேன், வில்ஃப். மோசமான நாள், மோசமான நாள். விடிகாலையில குளிருதுன்னு உன் கோட்டைக் கழட்டி எனக்குப் போட்டே. பல் கிடுகிடுக்க உன் சின்ன வயசுக் கதையெல்லாம் சொன்னே. நான் சுத்து எண்ணிக்கிட்டே கேட்டேன். நீ அந்தக் கார்ல ஏறியிருந்தா என்னைத் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டே. அந்த நாளைத்தான் நீ ஊர் பூரா மோசம்னு சொல்லிக்கிட்டுத் திரியறே."

வில்ஃப் அவள் சீவிப்போட்ட தோலைப் பொறுக்கத் தொடங்கினார். எனக்கோ வெளியே வர வழியில்லை. குழாயைக் கழற்றினால் தண்ணீர் முகத்தில் கொட்டும். கழற்றினேன். கொட்டியது. அந்தச் சாக்கில் எழுந்து வெளியே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை தூறல். லெ மானிலும் அன்று தூறியதாம். சங்கத்தார் மகிழ்ந்து போனார்கள். கார் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றது, அடியில் எண்ணெய் பிடிக்கும் தட்டு. பொம்மைப் பிரபு தன் இடத்தில். ஓடுதளத்தின் மறுகோடியில் யாருடைய ஆடுகளோ மேய்ந்துகொண்டிருந்தன. இரண்டு மணிக்கு நான் விசில் ஊதினேன். டெஸ்மண்ட் காருக்குள் இறங்கினார்.

இறங்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கேப்டன் ஒல்லி, ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பார் என்று பெரில் சொல்வாள். டெஸ்மண்ட் அப்படி இல்லை. ஒவ்வொரு வருஷமும் அவர் கொஞ்சம் வளர்ந்தார், கார் வளரவில்லை. அந்த வருஷம் இருவர் தோளை அழுத்த, ஒருவர் வயிற்றை ஒதுக்கித் தர, ஒருவழியாக உள்ளே திணித்தோம். ஸ்டியரிங் அவர் வயிற்றில் பதிந்தது.

"வசதியா இருக்கா சார்?" என்றேன்.

"அப்பாவும் வசதியா இல்ல" என்றார்.

காத்திருந்தோம். தேநீர் குடித்தோம். தட்டில் எண்ணெய் சொட்டியது. நாலுக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது பை வந்தது, முட்டை இல்லாதது. டெஸ்மண்ட் பாதி தின்றார். எல்லாரும் தலையசைத்தார்கள். வில்ஃப் பெட்டியின் ஒரு மூலையிலும் பெரில் மறு மூலையிலும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இன்னொரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அந்த வாரம் முழுக்க அவர்கள் பேசிக்கொள்ளவில்லை என்று எனக்குத் தெரியும்.

"வில்ஃப், ஆசை!" என்று கத்தினார் டெஸ்மண்ட். "கடைசித் தடவை! ஆசை!"

வில்ஃப் காரைப் பார்த்தார். அதில் நடிப்பு எதுவும் இல்லை.

நாலுக்கு ஐந்து நிமிஷம். எஞ்சினைக் கிளப்பச் சொல்லிக் கொடியை அசைத்தேன். எஞ்சின் உறுமியது. பிறகு டெஸ்மண்டின் முகம் மாறியது.

"டெரிக்."

"சார்?"

"என் கால் எங்க இருக்கு?"

"கார்லதான் சார்."

"எனக்குத் தெரியலையே. இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்ல!"

இரண்டு மணி நேரம் மடங்கிக் கிடந்த கால்கள் இரண்டும் மரத்துப் போயிருந்தன. கிளட்ச் எது, பிரேக் எது, தன் கால் எது என்று அவருக்குத் தெரியவில்லை. நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். கிணற்றில் விழுந்த எருமையைத் தூக்குவது போல மெல்ல மெல்ல மேலே வந்தார், மீதிப் பையோடு. புல்லில் கிடத்தினோம். அவர் அழத் தொடங்கினார்.

"நாலு மணிக்கு மேல கோட்டைத் தாண்டலேன்னா முடிக்காத காருன்னு ஆயிடும்! அப்பா முடிச்சாரு! நான் முடிக்கலைன்னு ஆயிடும்!"

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். அந்த நேரத்தில் அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லார் முகமும் சாவு வீட்டு முகம். கடைசி இடம் என்பது ஸ்டோக்பரிக்கு இருக்கும் ஒரே கீர்த்தி; அதுவும் கண்ணெதிரே போகப்போகிறது. செயலாளர் தான் ஓட்டுவதாகச் சொன்னார். பொருளாளர் அவர் சட்டையைப் பிடித்தார். பொம்மைப் பிரபுவை உட்கார வைத்துத் தள்ளலாம் என்றார் ஒருவர். தள்ளினால் சொந்த பலம் இல்லை என்றார் இன்னொருவர். ஊர்ப்பட்ட வரலாற்றுப் பண்டிதர்கள், ஒரு கியரைப் போட ஆளில்லை.

நான் விசிலை ஊதினேன். என்ன தைரியத்தில் ஊதினேன் என்று தெரியாது. தொப்பி தந்த தைரியமாக இருக்கலாம்.

"நான் பிரெஞ்சு அதிகாரி!" என்று கத்தினேன். "பதிவான ஓட்டுநர்கள் மூணு பேர். ஒருத்தருக்குக் கால் இல்ல. ஒருத்தருக்கு உயிர் இல்ல. மூணாவது ஆள் யாரு?"

ஐம்பது தலைகள் பெட்டிப் பக்கம் திரும்பின. வில்ஃப் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"வில்ஃப் அண்ணே! உங்களைத்தான்!"

"வரலாறு அனுமதிக்காதே" என்றார் வில்ஃப்.

"வில்ஃப்!" என்றார் டெஸ்மண்ட் புல்லில் கிடந்தபடி. "தயவுசெஞ்சு!"

"நான் ஆசையா பாத்துக்கிட்டு இருக்கேன், டாக்டர். தொந்தரவு பண்ணாதீங்க."

"வரலாறு அனுமதிக்குது! நான் சொல்றேன், அனுமதிக்குது!"

"போன வாரம் இல்லேன்னு சொல்லுச்சே? ஒரு வாரத்துல மனசு மாறிடுச்சா அதுக்கு?"

எனக்கு உள்ளுக்குள் இனித்தது, ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. தேவாலய மணி நாலு அடிக்கத் தொடங்கியது. அப்போதுதான் கவனித்தேன், வில்ஃப் இரண்டு கையாலும் பெட்டியின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தார். வீம்பு பாதிதான். மீதி பயம். ஐம்பது வருஷமாக ஆசைப்பட்டது கிடைத்துவிட்டால் பிறகு என்ன செய்வது என்று அந்த மனிதர் பயந்து போயிருந்தார்.

பெரில் அவரைப் பார்க்காமலேயே பேசினாள்.

"எந்திரி."

"பெரில்..."

"போய்த் தொலை. போய் ஓட்டித் தொலைச்சிட்டு வா. இல்லேன்னா இன்னும் இருக்கிற காலம் பூரா இதையே கேட்டுக்கிட்டு இருக்கணும், என்னால முடியாது." கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினாள். "கேப்டனுக்கு நேரம் குறிச்சிருக்கேன். அந்த பெல்ஜியத்துக்காரனுக்குக் குறிச்சிருக்கேன். கட்டின புருஷனுக்கு ஒரு சுத்துகூடக் குறிச்சதில்ல. போ."

வில்ஃப் எழுந்தார். எழுபத்திரண்டு வயது மனிதர், காருக்குள் காலை விட்டு ஒரே வழுக்கில் உட்கார்ந்தார், கால்சட்டைப் பைக்குள் கை நுழைவது போல. கியரைப் போட்டார். நான் கொடியைக் கீழே வீசினேன். பெரில் கடிகாரத்தை அழுத்தினாள். எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல்லை அடித்தொண்டையில் கத்தினேன்: "அலே!" போ என்று அர்த்தம்.

போனார். எப்படிப் போனார் என்று கேளுங்கள். முதல் கியரில் அந்தக் கார் குதிரை மாதிரி முட்டும், உதறும், அணைந்துவிடும். டெஸ்மண்ட் ஒவ்வொரு வருஷமும் வழியில் மூன்று முறை நிறுத்திக் கிளப்புவார். வில்ஃப் அதைப் புட்டி நிறைந்த பால் வண்டியைப் போல ஓட்டினார். ஒரு உதறல் இல்லை. பக்கத்து இருக்கையில் முட்டை வைத்திருந்தால்கூட உடைந்திருக்காது. ஆமை வேகத்தில் வண்டி ஓட்ட இங்கிலாந்திலேயே அவரைவிடப் பழகிய ஆள் கிடையாது. அந்த வேகத்தில் அவர் உலகத்தை எத்தனை தடவை சுற்றியிருப்பார் என்று யார் கண்டது.

மறுகோடியில் ஆடுகள் பாதைக்கு வந்துவிட்டன. காரைக் கண்டு மிரண்டு அதன் முன்னால் ஓடத் தொடங்கின. ஒதுங்கத் தெரியவில்லை அவற்றுக்கு. தூறலில் தூரத்தில் நாங்கள் பார்த்தது இதுதான்: முதலில் ஏழெட்டு ஆடுகள், பின்னால் பச்சை ஆர்லிங், அதன் நடுவில் நனைந்த வெள்ளை ஹெல்மெட். பின்னாலிருந்து ஒரு ஆடு வந்து காரை முந்திப் போனது. சங்கத்தார் அனைவரும் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினார்கள். டெஸ்மண்ட் முழங்கையில் ஊன்றி, தலையைத் தூக்கி, "வா வில்ஃப், வா!" என்று அலறினார். அவரும் அழுதார், செயலாளரும் அழுதார். நானும்தான். தூறல் என்று சொல்லிக்கொண்டேன்.

ஆடுகள் கோட்டைத் தாண்டின. பிறகு வில்ஃப் தாண்டினார். நான் கட்டம் போட்ட கொடியை வீசினேன், ஆடுகளுக்கும் சேர்த்து.

கார் நின்றது. எஞ்சினை அணைத்தார். எல்லாரும் ஓடினார்கள். அவர் யாரிடமும் பேசாமல் இறங்கினார், கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகப் பெட்டிக்கு வந்தார், உட்கார்ந்தார். தன் மூலையில் இல்லை. நடுவில், பெரிலை ஒட்டி. ஹெல்மெட்டைக் கழற்றினார். நெற்றியில் அதன் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"எப்படி அண்ணே இருந்துச்சு?" என்றேன்.

வில்ஃப் யோசித்தார். கூட்டம் குடைகளோடு நெருங்கி நின்றது. ஐம்பது வருஷத்துப் பதில் அல்லவா.

"சத்தம்" என்றார். "சூடு. கண்ணு பூரா எண்ணெய். முன்னாடி பாத்தா ஆட்டோட பின்பக்கம்."

"அப்புறம்?"

"பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல." கையால் பெட்டியைத் தட்டினார். "இது தேவலாம், டெரிக். இங்க எவ்வளவோ தேவலாம். அன்னிக்கு நல்ல இடம் எனக்குத்தான் கிடைச்சிருக்கு. மரமண்டைக்கு இப்பத்தான் தெரியுது."

பெரில் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததை நான் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். வில்ஃப் தன் கோட்டைக் கழற்றினார். எண்ணெயும் ஆட்டு நாற்றமும் பிடித்த அந்தக் கோட்டை அவள் தோளில் போட்டார். அவள் அதைத் தள்ளவில்லை.

"சுத்து நேரம்!" என்று புல்லிலிருந்து கத்தினார் டெஸ்மண்ட். கால் திரும்பி வந்துவிட்டது போலிருக்கிறது. வரலாறும் கூடவே வந்துவிட்டது. "பெரில், நேரம் எவ்வளவு? சங்கத்துக்கு வேணும்!"

பெரில் கடிகாரத்தைப் பார்த்தாள். லெ மானில் ராத்திரி முழுக்க ஒரு சுற்றைக்கூடத் தவறவிடாதவள். முள் நகர்ந்துகொண்டே இருந்தது.

"நிறுத்த மறந்துட்டேன்" என்றாள். "ஓடிக்கிட்டு இருக்கு."